மடக்குத் தூண்டில்

சங்கராபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் தமிழரசனிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எவ்வளவு அவசரத்தில் வந்து நின்றாலும் சரி, ஓட்டிப் பார்க்காமல் எந்த மோட்டாரையும் வெளியே விடமாட்டான். பயிர் காய்கிறது என்று விவசாயி தலையில் அடித்துக்கொண்டாலும் பத்து நிமிடம் மேசைமேல் ஓடவிட்டு, சூடு ஏறுகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தருவான். ஊரில் அவனுக்கு இருந்த நல்ல பெயர் அந்த வழக்கத்தால் வந்தது. இந்தக் கதையில் அவன் மாட்டிக்கொண்டதும் அதே வழக்கத்தால்தான்.

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் ராதிகா கடைக்கு வந்தாள். இறந்துபோன கூட்டாளி வெற்றிவேலின் மனைவி. பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் அளந்து ஊற்றுகிறவள். அளவுக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே வந்துவிட்டாள். தமிழரசன் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவன், சுற்றின் எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று முடிக்கும்வரை நிமிரவில்லை. அவளும் நின்றாள்.

"அண்ணா, வர்ற திங்கக்கெழம அவருக்கு வருஷப் படையலு."

"தெரியும்மா."

"அத்த எல்லாம் சொல்லிட்டாங்க. வேட்டி சட்ட, கறிக்கொழம்பு, வறுத்த கருவாடு, ஒரு குவாட்டரு. எனக்கு ஒண்ணு வெக்கணும்னு இருக்குது. அந்த மடக்குத் தூண்டிலு. அது உள்ள போறாப்புல முதுவுல மாட்ற பையி ஒண்ணு. அதும் மேல அவருக்கு ரொம்ப ஆச. நான்தான்..." என்று ஆரம்பித்தவள் அதை அங்கேயே விட்டாள். "எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. நீங்கதான் பாத்து வாங்கியாரணும்."

"வாங்கியாரேன்" என்றான் தமிழரசன்.

அவள் போனதும் அடுத்த சுற்றை ஆரம்பித்தான். நெஞ்சில் ஏதாவது நடக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருஷமாகவே அங்கே ஒன்றும் நடப்பதில்லை. சாப்பிடுகிறான், கடை திறக்கிறான், ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறான். அவன் மனைவி ஜெயசுதா ஒருநாள் போனில் தன் அம்மாவிடம், "ஆளு இருக்காரும்மா, உள்ள யாரும் இல்ல" என்று சொன்னது அவன் காதிலும் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பல் விளக்கப் போனான்.

வெற்றிவேலும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். ஒருவன் கரும்பு போட்டான், இன்னொருவன் காயில் கட்டினான். நாற்பது வயதுக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம் பிடித்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலை பஸ் பிடித்து, கரியாலூரில் இறங்கி, ஓடை ஓடையாக நடந்து மீன் பிடித்துவிட்டு, பழைய ஒற்றையடிப் பாதையில் அடிவாரம் வரைக்கும் இறங்கி வருவார்கள். கிடைப்பது விரல் நீளக் கெண்டையும் கெளுத்தியும். பிடித்ததில் பாதியைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். கடைத்தெருவில் கிலோக் கணக்கில் மீன் கிடைக்கும்போது இதற்காக மலை ஏறுகிறவர்களை ஊர் என்ன சொல்லும்? சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சிரித்தது.

போன மாசியில் அப்படி இறங்கி வந்தபோதுதான் அது நடந்தது. வெற்றிவேலின் தூண்டில் இரண்டு துண்டு. இணைத்தால் ஒன்பதடி. அன்றைக்கு ஓடை மணல் இடுக்கில் புகுந்து இணைப்பு இறுகிவிட்டது, கழற்ற வரவில்லை. அடிவாரத்தில் கரும்புக் கொல்லையின் வரப்பில் ஏறினார்கள். கரும்புத் தோகை மாட்டுகிறது என்று வெற்றிவேல் தூண்டிலை நேராக நிமிர்த்திப் பிடித்தான். அவனே ஆறடி. வரப்பு இரண்டடி உயரம். மேலே மின்கம்பி போனது. முன்னால் நடந்துகொண்டிருந்த தமிழரசனுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது, பிறகு ஒரு வாசனை வந்தது. மிக்ஸியில் கரி தேய்ந்து கருகினால் வரும் வாசனை. இருபது வருஷமாக முகர்ந்த வாசனை என்பதால், திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

தூண்டில் ஈரமாக இருந்தது, அதனால்தான் கரண்ட் பாய்ந்தது என்று ஊர் பேசிக்கொண்டது. நேரம் என்றார்கள். ஈரம் இல்லை, தூண்டிலே கார்பன். கார்பன் என்றால் கரி. கரி வழியாகக் கரண்ட் ஓடும் என்பது, நாளெல்லாம் மிக்ஸிக்கும் டிரில்லுக்கும் கார்பன் பிரஷ் மாற்றுகிறவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், அந்தத் தூண்டிலைக் கடையில் பொறுக்கி எடுத்து வெற்றிவேலின் கையில் கொடுத்தவன் அவன்தான். அதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குப் போனான். கச்சிராயபாளையம் சாலையில் வலையும் தூண்டிலும் விற்கிற சரத்குமார் கடை. சின்ன வயசுப் பையன்தான், ஆனால் தூண்டிலைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்கு ஆள் வைக்க வேண்டும்.

"வாங்கண்ணா! எத்தினி மாசமாச்சு! உங்க கூட்டாளி எங்க, உயரமா ஒருத்தரு வருவாரே?"

"அவனுக்குத்தான் வாங்க வந்தேன்."

"மடக்கு ராடுதான? சொல்லவே தேவல. அன்னிக்கே அவரு கண்ணு அதும் மேலதான் இருந்திச்சி. கீழ வெக்கவே மனசு வரல அவருக்கு. நீங்கதான் வேணாம்னு இழுத்துக்கினு போனீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். செய்தி அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. தமிழரசனும் சொல்லவில்லை. 'இழுத்துக்கொண்டு போனது' என்ற வார்த்தை உள்ளே எங்காவது போய்க் குத்தும் என்று காத்திருந்தான். குத்தவில்லை.

ஆனால் அன்றைக்கு நடந்தது அச்சு அசலாக நினைவிருந்தது. இதே கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்று வெற்றிவேல் அந்த மடக்குத் தூண்டிலை நீட்டினான், மடக்கினான், மறுபடி நீட்டினான். போனில் படம் எடுத்து ராதிகாவுக்கு அனுப்பினான். பதில் வந்தது. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "வேற வேல இல்லியான்னு கேக்கறாடா. வாங்கிக்கினு போயி காட்டுனா, அவளே வெச்சிக்கினு மடக்கி மடக்கி வெளையாடுவா பாரு" என்றான். பில் போடச் சொல்லப் போனவனைத் தமிழரசன்தான் தடுத்தான். "இது பொம்மடா. கணு கணுவா இருக்கறது ஒரு நாளைக்கு ஒடையும். ரெண்டு துண்டு கார்பன் எடு. எடையே தெரியாது. எனக்குத் தெரியும்டா" என்றான். ஆயிரம் வீடியோ பார்த்த திமிர். தமிழரசன் தன் கையில் வைத்திருந்ததோ வெறும் மூங்கில் கம்பு. வெற்றிவேல் மடக்குத் தூண்டிலைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, "நீ சொன்னா சரி" என்றான். அப்படிச் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம்.

சரத்குமார் மூன்றை எடுத்துப் பரப்பினான்.

"இது அவரு பாத்துக்கினு இருந்த அதே மாடலு. ரேடியோ ஏரியல் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிடும். நீட்டுனா ஏழடி, மடக்குனா ஒன்ற அடி. கார்பன், கனமே கெடையாது. இது நாலு துண்டு. துண்டு துண்டா மாட்டிக்கணும். வீச்சு நல்லா இருக்கும், ஆனா ஒவ்வொரு வாட்டியும் மாட்டிக் கழட்டணும், பையில எடமும் ஜாஸ்தி கேக்கும். இது மூணாவது, மடக்குதான், ஆனா கிளாஸ் ஃபைபரு. கனம் கொஞ்சம் ஜாஸ்தி. வளைஞ்சி குடுக்கும், சீக்கிரம் ஒடையாது. மடக்கு ராடுக்கு ஒரே விரோதி மணலுதாண்ணா. கணுவுல மணல் போச்சுன்னா சிக்கிக்கும். மடக்கறதுக்கு முன்னாடி தண்ணில அலசிடணும். நீட்டறப்போ நுனியிலேருந்து ஆரம்பிக்கணும், மடக்கறப்போ அடியிலேருந்து. அத மட்டும் சொல்லிடுங்க அவராண்ட."

"சொல்றேன்" என்றான் தமிழரசன்.

பிறகு சட்டைப் பையிலிருந்து கரண்ட் சோதிக்கும் மீட்டரை எடுத்தான். சரத்குமார் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருக்க, முதல் தூண்டிலின் அடி மூடியைத் திருகிக் கழற்றி, உள் துண்டு ஒன்றை உருவி எடுத்து, அதன் இரண்டு முனையிலும் சிவப்பு முள்ளையும் கறுப்பு முள்ளையும் வைத்து அழுத்தினான். மீட்டரில் எண் ஓடியது. கரண்ட் போகும்.

ஆக, வெற்றிவேல் ஆசைப்பட்டதும் கார்பன்தான். அவன் கேட்டதை வாங்கிக் கொடுத்திருந்தாலும் அதே கதைதான் ஆகியிருக்குமோ? ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு அந்த எண்ணம் தமிழரசனுக்கு வசதியாக இருந்தது. அவ்வளவு நேரம்தான் இருந்தது. மடக்கியிருந்தால் அது பைக்குள் இருந்திருக்கும். பைக்குள் இருக்கும் ஒன்றரை அடிக் கரி யாரையும் கொல்லாது.

மூன்றாவதில் மீட்டரை வைத்தான். எண் அசையவில்லை. முனையை மாற்றி வைத்தான். அசையவில்லை.

"இதக் குடுங்க."

"இன்னாண்ணா, மலை ஏறுறவருக்குக் கனமானதப் போயி..."

"கனம் இருக்கட்டும்."

செத்தவனுக்கு இனிமேல் கரண்ட் பாய்ந்தால் என்ன, பாயாவிட்டால் என்ன? படத்துக்கு முன்னால் வைக்கப்போகிற சாமான் அது. மூங்கில் குச்சியை வைத்தாலும் படையல் படையல்தான். ஆனாலும் அவன் மூன்றாவதைத்தான் வாங்கினான்.

பை வாங்கப் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனான். பைக் கடைக்காரர் அவனைப் பார்த்ததும், "எத்தினியாவது படிக்கிற புள்ளைக்கு?" என்று கேட்டு, கார்ட்டூன் போட்ட ஒன்றை எடுத்து நீட்டினார். மலை ஏறப் பை என்றதும் மேல் தட்டிலிருந்து நாலைந்தை இறக்கினார். ஒன்றில் தூண்டில் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் வார் இருக்கிறது, வெளியே செருகிக் கட்டிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதும் தமிழரசன் அதைத் தூர வைத்தான். இன்னொன்றில் உள்ளே போனது, ஆனால் தோள்பட்டை வார் மெல்லியது, பத்துக் கிலோமீட்டர் நடந்தால் தோளை அறுக்கும். கடைசியில் பச்சை நிறத்தில் ஒன்று. அகலமான வார், இடுப்பில் ஒரு பட்டை, மழைக்கு ஒரு உறை. தூண்டில் முழுசாக உள்ளே இறங்கியது. ஜிப்பை மூடினான். திறந்து, மறுபடி மூடினான். ஆறு தடவை.

"இன்னா சார், பைய வாங்கறீங்களா, ஜிப்ப டெஸ்ட்டு பண்ணிக்கினு இருக்கீங்களா?"

"வெளிய நீட்டிக்கினு தெரியுதா?"

"ஒண்ணும் தெரில சார். உள்ள இன்னா இருக்குதுன்னே தெரில."

அதைக் கேட்ட பிறகுதான் வாங்கினான்.

படைக்கிற சாமானுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புதுசாக இருக்க வேண்டும், வேறு ஒருவர் உடுத்தியோ தின்றோ புழங்கியோ இருக்கக் கூடாது. இறந்தவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கற்பூரம் காட்டி, கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு. பால் குடிக்கும் பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தமிழரசனுக்கும் தெரியும்.

தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பச்சைப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். ஓட்டிப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? கணு நழுவினால்? வார் அறுந்தால்? இருபது வருஷப் பழக்கம், படையல் சாமான் என்று பார்க்குமா? அவன் கால்களைக் கிளப்பி, கூட்டிக்கொண்டு போய்விட்டது.

கரியாலூரில் இறங்கி ஓடைப் பக்கம் நடந்தான். வழியில் மரவள்ளிக் கொல்லையில் ஆயம்மாள் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அந்த வழியாகப் போகிறபோதெல்லாம் அவித்த கிழங்கு கொடுத்து, காசு வாங்க மறுக்கிறவள்.

"இன்னா தம்பி, ஒரு வருசமா ஆளையே காணும்? நெட்டையரு எங்க?"

"இந்த வாட்டி வரல."

"அடுத்த வாட்டி இட்டுக்கினு வா. அவரு கேட்ட காரமணி வெத எடுத்து வெச்சிருக்கேன்."

"சரிங்க" என்றான். பொய் சொல்கிறோமே என்றுகூடத் தோன்றவில்லை. வாய் தன்பாட்டுக்குச் சொன்னது.

மாசியில் ஓடையில் ஓட்டம் கம்மி. பாறை இடுக்கில் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. நுனியிலிருந்து ஒவ்வொரு கணுவாக இழுத்து இறுக்கினான். மண்புழு மாட்டி வீசினான். தூண்டில் நன்றாகவே வளைந்து கொடுத்தது. கணு நழுவவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு கெளுத்தி மாட்டியது. கழற்றும்போது அதன் முள் கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாக ஏறியது. ரத்தம் வந்தது. கெளுத்தி முள் குத்தினால் ஆள் கத்துவான், அக்குள் வரைக்கும் கடுக்கும். தமிழரசன் ரத்தம் வருவதைப் பார்த்தான், மீனைத் தண்ணீரில் விட்டான், கையைப் பாறையில் துடைத்தான். வலிக்கவில்லை.

"சரியாத்தாண்டா இருக்குது" என்று இடது பக்கம் திரும்பிச் சொன்னான். வெற்றிவேல் எப்போதும் உட்காருகிற பக்கம் அது. அங்கே பாறை இருந்தது.

தூண்டிலை அலசி, அடியிலிருந்து மடக்கி, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். பழைய பாதையில் இறங்கினான். இரண்டு மணி நேரத்தில் அடிவாரக் கரும்புக் கொல்லை வந்தது. கரும்பு வெட்டி முடித்து, கட்டையெல்லாம் வெயிலில் கிடந்தது. அதே வரப்பில் ஏறினான். அதே கம்பிக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தான். தலைக்கு மேலே வெறும் காற்று. கம்பி தன் உயரத்தில் இருந்தது, அவன் தன் உயரத்தில் இருந்தான். தூண்டில் பைக்குள் இருந்தது. இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. மனிதன் உயிரோடு வீட்டுக்குப் போக இதற்குமேல் ஒன்றும் தேவைப்பட்டிருக்கவில்லை. நாலு எட்டில் வரப்பைக் கடந்து பஸ்ஸுக்குப் போனான்.

சங்கராபுரத்தில் இறங்கி, நிறுத்திவிட்டுப் போயிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு வெற்றிவேல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. வெற்றிவேலின் அம்மா லட்சுமியம்மாள் வாசலில் பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ராதிகா சொசைட்டிக்குக் கிளம்ப, பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். தமிழரசன் பையைத் திறந்து தூண்டிலை எடுத்து லட்சுமியம்மாள் கையில் கொடுத்தான். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகம் மாறியது.

"இன்னாடா தமிழு, மீன் கவுச்சி அடிக்குது?"

"ஓட்டிப் பாத்தேம்மா."

"ஓட்டிப் பாக்க இது இன்னா மோட்டாரா?"

ராதிகா கேனைக் கீழே வைத்தாள்.

"அறிவு இருக்குதாடா ஒனக்கு? விடிஞ்சா படையலு. எச்ச பண்ண சாமானக் கொண்டாந்து நீட்டறியே! எம் புள்ள ஆசப்பட்ட பொருளு. அவனுக்கு முன்னாடி நீ எப்டிடா அதுல கை வெப்ப? உயிரோட இருக்கும்போதுதான் அத வாங்காம போனான், செத்தப்புறமாவது மொதல்ல அவன் தொட வேணாமா?"

தூண்டிலைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுவிட்டு, திட்டிக்கொண்டே உள்ளே போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

தமிழரசன் நின்ற இடத்திலேயே நின்றான். 'உயிரோட இருக்கும்போதுதான் வாங்காம போனான்.' இந்த வீட்டில் அதை அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். வெற்றிவேல் ஏதோ தானாகவே வாங்காமல் விட்டதைப்போல.

"அவனா வாங்காம போவலம்மா" என்றான் ராதிகாவிடம். குரல் மோட்டாரைப் பற்றிச் சொல்லும் குரலாகவே இருந்தது. "நான்தான் வேணாம்னேன். பொம்மன்னேன். ரெண்டு துண்டு கார்பன நான்தான் எடுத்துக் குடுத்தேன். அது கரி. கரில கரண்டு ஓடும். ஈரத்துல ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? இத வாங்கியிருந்தா அது பையில இருந்திருக்கும், அவன் வூட்டுக்கு வந்திருப்பான்."

சொல்லி முடித்துவிட்டு அடிக்காகக் காத்திருந்தான். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று இந்த ஒரு வருஷமாக நினைத்து வைத்திருந்தான். ராதிகா கத்தவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, எதையோ தேடி, அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். வெற்றிவேல் அனுப்பிய படம். கண்ணாடி மேசைமேல் மடக்குத் தூண்டில். கீழே, 'எப்படி இருக்கு?' அதற்குக் கீழே அவள் பதில்: 'வேற வேல இல்லியா? ஒழுங்கா வூட்டுக்கு வா.' அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றும் இல்லை.

"நான் வேணாம்னு சொன்னதாலதான் வாங்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "என் வாயாலதான் போய்ட்டாருன்னு."

தமிழரசன் அந்தத் திரையையே பார்த்தான். கடையில் வெற்றிவேல் இதைப் படித்துச் சிரித்தது காதில் கேட்டது.

"இல்லம்மா. இதப் படிச்சிட்டு அவன் சிரிச்சான். வாங்கிக்கினு போயி காட்டுனா அவளே மடக்கி மடக்கி வெளையாடுவான்னு சொன்னான். பில்லு போடப் போய்ட்டான். அதுக்கப்புறந்தான் நான் தடுத்தேன்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சான்."

"வாங்கறேன்னுதான் இருந்தாரா?"

"கைல எடுத்துட்டான்."

அவள் கேனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள். பாரம் இறங்கின அழுகைதான் அது, பார்த்தாலே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இப்போது அந்தக் கண்ணில் வேறு ஒன்று இருந்தது.

"ஒரு வருஷம்ண்ணா. தெனம் இந்தப் படத்த எடுத்து எடுத்துப் பாத்திருக்கேன். எங்க புள்ள முகத்த நேராப் பாத்ததில்ல. அவங்கம்மா கைல சோறு வாங்கித் துன்ன வெக்கமா இருந்திச்சி எனக்கு. வாரா வாரம் வந்து, பால் இன்னா வெல போவுதுன்னு கேட்டுட்டுப் போனீங்களே. இந்த ஒரு வார்த்தைய அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

இத்தனை நாளும் தமிழரசன் அந்த உண்மையைத் தன் தலையில் மட்டும் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு பெருமைகூட இருந்தது. தான் வாயை மூடிக்கொண்டதற்கு இன்னொருத்தி ஒரு வருஷம் தண்டனை அனுபவித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. தூண்டிலைத் தேர்ந்தெடுத்தது யோசிக்காமல் செய்த தப்பு. இது தெரிந்தே செய்தது. அவமானத்தில் காது சூடேறியது. உட்கார வேண்டும்போல் இருந்தது. அவள் முன்னால் உட்கார உரிமையில்லை என்று தோன்றியது.

லட்சுமியம்மாள் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு வெளியே வந்தார். நடந்த பேச்சு அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"புடி அத" என்றார் தமிழரசனிடம்.

தூண்டிலை இரண்டு கையாலும் பிடித்தான். அவர் மஞ்சள் தண்ணீரை அள்ளி அள்ளி அதன்மேல் தெளித்தார். கணுவில் வழிந்து, அவன் விரல்களில் வழிந்து, தரையில் சொட்டியது.

"தெரியாம செஞ்சிட்ட. போவுது வுடு" என்றார். எதைச் சொன்னார் என்று அவன் கேட்கவில்லை.

ராதிகா எழுந்து வந்து தூண்டிலை அவன் கையிலிருந்து வாங்கினாள். புடவை முந்தானையால் துடைத்தாள். ஒருமுறை நீட்டினாள், மடக்கினாள். மறுபடி நீட்டினாள், மடக்கினாள். பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள்.

"காலைல எட்டு மணிக்குப் படையலு. வந்து சாப்டுட்டுப் போங்க" என்றாள். "ஆனா என்னாண்ட பேசாதீங்கண்ணா. எனக்கு எப்ப தோணுதோ அப்ப நானே பேசறேன்."

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான். வண்டிச் சாவியைத் திருப்பப் போனபோது வலது கை மடங்க மறுத்தது. கட்டைவிரலுக்குக் கீழே வீங்கிச் சிவந்திருந்தது. முள் குத்தின இடத்தில் மஞ்சள் தண்ணீர் இறங்கி எரிந்தது. எரிச்சல் மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி அக்குள்வரைக்கும் வந்தது. தமிழரசன் வண்டியிலேயே உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ வெற்றி" என்றான்.